விழுந்த பிறகும் ஓடிய மெசின்

அத்தியாயம் பதினொன்று

கடலில் ஆள் தொலைந்த வீட்டில் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார்கள் சனம். கொஞ்சக் காலம் அப்படித்தான். பிறகு தட்டுகிறார்கள். அதற்கும் பிறகு வருவதேயில்லை. பேசாலையில் வலன்ரைன் வீடு இந்த ஆவணியில் மூன்றாவது நிலைக்கு வந்துவிட்டிருந்தது.

நத்தார்ப் பண்டிகை கழிந்த கையோடு தென்கடலுக்குத் தனியே போன மூத்த மகன் ரொபின்சன் திரும்பி வரவில்லை. அவனுடைய படகு மட்டும் எண்ணெய் தீரும்வரை ஓடி, பிறகு நீரோட்டத்தில் இழுபட்டு, மறிச்சுக்கட்டிக் கரையில் ஆளில்லாமல் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை.

எஞ்சின் புதியது. அதற்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு நுனி எஞ்சினின் விசையில் மாட்டியிருக்கும், மற்ற நுனியை ஓட்டுகிறவன் மணிக்கட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கரையொதுங்கிய படகில் அந்தக் கயிறு எஞ்சினின் கைப்பிடியில் ஒழுங்காக மாட்டி வைக்கப்பட்டிருந்தது. பொலிஸ் கேட்டபோது வலன்ரைன் சொன்னார், தன் மகன் அந்தக் கயிற்றைக் கையில் போடாமல் எஞ்சினைத் தொடவே மாட்டான் என்று.

அப்படியானால் அவன் தானாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடலில் இறங்கியிருக்கிறான். ஊர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டது.

அவன் மனைவி ஜெனிஸ்ராவுக்கு ஊர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. போவதற்கு முதல் நாள் இருவருக்கும் சண்டை. கோபத்தில் அவள், இனி வீட்டுக்கு வராமல் கடலோடேயே கிடக்கச் சொல்லிவிட்டாள். அவன் ஒன்றும் பேசாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனான். அந்த முதுகைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாள். அவன் தொலைந்த முதல் கிழமையில், அழுகை தாங்காமல், மாமியின் மடியில் விழுந்து அதைச் சொன்னாள். மாமி மக்டலின் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, போன ஞாயிறு பூசை முடிந்து சனம் நின்ற கோயில் முற்றத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன்ர வாய்தான் என்ர பிள்ளையைத் திண்டது."

ஜெனிஸ்ரா அன்றைக்கே தாய்வீட்டுக்கு, வங்காலைக்கு, தகவல் அனுப்பினாள். இன்று பின்னேரம் சீவரத்தினம் சித்தப்பா வான் வண்டியோடு வருகிறார்.

*

காலையில் அவள் அலுமாரியிலிருந்து தன் உடுப்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் மாமா நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வலன்ரைனுக்கு நெஞ்சு வருத்தம். மகன் போன அடுத்த மாதமே வந்தது. ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்றார் டொக்டர். முப்பது வருடமாகக் கடற்கரையை விட்டு விலகாத மனிதர், இனிக் கடற்கரைப் பக்கம் போகமாட்டேன் என்றார். றோட்டில் நடந்தால் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றார். பிரான்சிலிருக்கும் மகள் பெற்றிசியா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கொழும்பில் ஆள் பிடித்து வீட்டுக்குள்ளேயே நின்று நடக்கிற இந்த மெசினை அனுப்பிவைத்தாள். சன்னலை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அவர் அதில் நடந்தார். வலை காயப்போடும் இடத்தில் இருக்கும் கிழவர்கள், வலன்ரைன் நடந்த நடைக்கு இந்நேரம் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பகிடி பண்ணுவதாக இளைய மகன் கொலின்ஸ் ஒருநாள் சோற்றுக்கு முன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் காலடிச் சத்தம் திடீரென்று பிசகியது. பிறகு ஏதோ சுவரில் மோதியது. பிறகு மாமியின் குரல்.

ஜெனிஸ்ரா ஓடிப்போனாள். வலன்ரைன் மெசினுக்கும் பின்சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். கறுத்த பட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய வலக்கை அதன்மேல் கிடந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. மக்டலின் அவரைத் தோளில் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பாரம் தாங்கவில்லை. ஜெனிஸ்ரா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பட்டி நின்றது. அறையில் ரப்பர் கருகிய மணமும் இரத்த மணமும் இருந்தன.

கொலின்ஸ் தன் ஓட்டோவில் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கைக்குக் கட்டுப் போட்டு, நெஞ்சும் பார்த்துக் கூட்டிவந்தான். பயப்பட ஒன்றுமில்லையாம். மெசினைத் தூக்கி எறிவோம் என்றான் கொலின்ஸ். வலன்ரைன் மறுத்தார். நடக்காவிட்டால் சாவு, வெளியில் நடக்க முடியாது, வேறென்ன செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பின் விறாந்தைக் கதிரையில் போய் இருந்துகொண்டார்.

மக்டலின் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது மருமகளைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஜெனிஸ்ரா, மெசினைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். கலியாணத்துக்கு முன் உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் இருந்தவள். மோட்டர், பெல்ட், விசை என்றால் பயமில்லை. பின்னேரம்வரை செய்ய வேறு வேலையும் இல்லை. அதோடு, இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவளைக் குற்றம் சொல்லாத மனிதர் மாமா ஒருவர்தான். மாமி வாயைத் திறந்தால் பேசாமல் எழும்பிப் போவார். இரண்டொரு தடவை, அவள் சாப்பிடாமல் கிடந்தபோது, சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பைகளுக்காகவாவது இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும் போலிருந்தது.

*

முதல் தவறு கொலின்ஸின் தவறாக இருந்தது.

பட்டியை அவள் விரலால் தூக்கி அடியைத் தடவியபோது விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். கிறீஸ். போன மாதம் மெசின் கிறீச்சிட்டபோது தான்தான் பூசினதாகக் கொலின்ஸ் ஒப்புக்கொண்டான். படகு எஞ்சினுக்கு வாங்கிய நல்ல கிறீஸ், மிச்சம் கிடந்தது, வீணாக்குவானேன் என்று.

"இது போட் இல்லை, கொலின்ஸ்."

"பூசின நாளில இருந்து சத்தம் வரேல்லைத்தானே, மச்சாள்."

"சத்தம் வரேல்லை. மாமா வழுக்கி விழுந்திட்டார்."

அவன் தலையைச் சொறிந்தான். மெசினோடு வந்த எண்ணெய்க் குப்பி பொலித்தீன் பையில் அப்படியே அலுமாரிக்கு மேல் கிடந்தது. அவள் பழந்துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, பட்டிக்கும் பலகைக்கும் நடுவில் விட, இருவருமாக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து இழுத்துத் துடைத்தார்கள். துணி கறுத்தது. இன்னொரு துணி. அதுவும் கறுத்தது.

பிறகு முன்மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே மணல். மோட்டரைச் சுற்றி, வயர்களின் மேல், மூலைகளில், மாவு போன்ற வெள்ளை மணல். கடற்கரைக்குப் போகாத மனிதரைத் தேடி, மூடிய சன்னலின் இடுக்கால் கடற்கரை தானே கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்து ஒளிந்திருந்ததைப் போல அவளுக்குப் பட்டது. தூரிகையால் கூட்டி ஒரு சிரட்டையில் எடுத்தாள். பட்டியின் வேகத்தை அளக்கிற சின்னக் கண்ணில் உப்புப் படிந்து துரு ஏறியிருந்தது. வேகம் தெரியாததால் மெசின் ஒருகணம் தயங்கி, பிறகு பாய்ந்திருக்கிறது. பட்டியும் வழுக்க, ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. பழைய பல் பிரஷால் துருவைத் தேய்த்துத் துடைத்தாள். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விட்டாள். பின்பக்கத்து இரண்டு ஆணிகளையும் ஒரே அளவாகக் கொஞ்சம் இறுக்கினாள். பிளக்கைச் செருகி ஓட விட்டபோது பட்டி இடப்பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கத்து ஆணியை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நடுவுக்கு வந்தது.

கொலின்ஸை ஏறச் சொன்னாள். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பலிபீடத்துக்குப் போகும் மாப்பிள்ளையைப் போல மெதுவாக நடந்தான். வேகத்தைக் கூட்டினாள். தயக்கமில்லை, வழுக்கவில்லை, சத்தமுமில்லை.

"மச்சாள், நீங்கள் போகாதேங்கோ. ஊரில இருக்கிற மெசினெல்லாம் திருத்தலாம்" என்றான்.

சிரிக்கலாம் என்று நினைத்தவளுக்குக் காலையில் கண்ட காட்சி திரும்பி வந்தது. ஆள் விழுந்து கிடக்கிறார். பட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அது ஏன் ஓடியது?

இந்த மெசினுக்கும் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு நுனியில் சாவி, மற்ற நுனியில் சட்டையில் கொளுவுகிற கிளிப். ஆள் விழுந்தால் சாவி கழன்று மெசின் நிற்க வேண்டும். அந்தக் கயிறு கைப்பிடிக் கம்பியில் ஒழுங்காக மாட்டிக் கிடந்தது. அவள் கை நீட்டிச் சாவியை இழுத்தாள். கழன்று வந்தது. கொலின்ஸின் காலடியில் பட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவனை இறங்கச் சொல்லி மெசினை நிறுத்தி, போனின் வெளிச்சத்தைச் சாவித் துளைக்குப் பக்கத்தில் பிடித்தாள். சாவி அழுத்திப் பிடிக்க வேண்டிய சின்ன விசையை வேறொன்று அழுத்திப் பிடித்திருந்தது. செருப்பு ரப்பரில் வெட்டிய சிறு துண்டு. அதன்மேல் நீல வலை நூல் நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, அவிழாமல் இருக்க நெருப்பால் சுட்டு உருக்கி விடப்பட்டிருந்தது.

கொலின்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இது அப்பாவின்ர கை. எஞ்சினெல்லாத்துக்கும் இப்பிடித்தான் கட்டிவிடுறவர். கயிறு இழுபட்டு நிண்டிடும் எண்டு—"

அவன் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வார்த்தை நின்றுவிட்டது.

ஜெனிஸ்ரா திரும்பவில்லை. "எல்லாத்துக்குமோ?"

"பழைய எஞ்சினுக்கு, மச்சாள்."

"புதுசுக்கு?"

தனக்குத் தெரியாது என்றான். தான் ஓட்டோவோடு றோட்டில் திரிகிறவன், படகுக்குள் என்ன நடக்கிறதென்று தனக்கு எப்படித் தெரியும் என்றான். குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்தது. அவள் இன்னொன்று கேட்டாள், மறிச்சுக்கட்டியில் படகுக்குள் முதலில் ஏறினது யார் என்று.

அவன் நெடுநேரம் யோசித்தான். யோசிக்கத் தேவையில்லாத விசயம் அது. பொலிஸ் வந்து சேருவதற்கு முன்பே தகப்பனும் அவனும் அங்கே போய்விட்டார்கள். குடிக்கத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அவனை றோட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா தனியே கரைக்கு இறங்கிப் போனார். அவன் போத்தலோடு வந்தபோது அவர் படகுக்குள் எஞ்சினடியில் குனிந்து நின்றார். அழுகிறார் என்று நினைத்து அவன் கிட்டப் போகவில்லை.

அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கொலின்ஸ் மெசினின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள்.

*

பின் விறாந்தையில் வெயில் சாய்ந்திருந்தது. வலன்ரைன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காலடி கேட்டுத் திரும்பி, மெசின் சரிவந்துவிட்டதா என்று கேட்டார். சரி என்றாள். நீ இல்லாவிட்டால் யார் செய்வார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அவள் நீல நூலை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"இதை ஏன் மாமா கட்டினீங்கள்?"

அவர் நூலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அந்தக் கயிறு இழுபட்டு இழுபட்டு நிண்டிடுது, பிள்ளை. ஆறுதலா நடக்க விடுகுதில்லை."

"போட்டிலயும் நிண்டதோ?"

வேலிக்கு அப்பால் யாரோ வீட்டில் கருவாட்டுக்கு வந்த காகத்தைக் கலைத்தார்கள். அவர் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"வலை இழுக்கேக்க அதை ஒருதரும் கையில போடுறேல்லை. போய்ப் பார். இஞ்ச நிக்கிற போட் எல்லாத்திலயும் கட்டித்தான் இருக்கும்."

"நான் எல்லாப் போட்டையும் கேக்கேல்லை, மாமா."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் குனிந்தார்.

"நீங்கள் கட்டினதோ, அவர் கட்டினதோ?"

அவளுக்கல்ல, தன் கைக்கட்டுக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். "அவன் வேண்டாமெண்டுதான் சொன்னவன். புது எஞ்சின், கிடக்கட்டும் அப்பா எண்டவன்."

ஜெனிஸ்ரா நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

அவள் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அதை இனி யாராலும் திருப்ப முடியாது. ஆனால் ரொபின்சன் அந்த வார்த்தையைக் கேட்டு இறங்கவில்லை. தவறி விழுந்திருக்கிறான். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ தூக்கி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் உடனே வேறொன்று வந்து இருந்தது. அவன் நீந்தத் தெரிந்தவன். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்திருப்பான். ஆளில்லாத படகு போய்க்கொண்டிருந்திருக்கும். கத்தியிருப்பான். அதன் பின்னால் நீந்தியிருப்பான். எவ்வளவு தூரம் நீந்தினான் என்பது ஒருவருக்கும் தெரியாது. இத்தனை மாதமும் அவன் சாக விரும்பினான் என்று நினைத்து அழுதாள். அவன் வீட்டுக்கு வர விரும்பினான்.

"எஞ்சினில கட்டினதைக் கழட்டிப்போட்டு, பொலிசுக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"மக்டலின் பக்கத்தில நிண்டவள்."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமான பதில் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில், மாமி அவளைச் சொன்னபோது, இந்த மனிதரும் நின்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அதை இரக்கம் என்று நினைத்தாள். கதவடியில் வந்த கோப்பைகளையும் இரக்கம் என்றுதான் நினைத்தாள்.

"மாமிக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா அவள் என்னோட இந்த வீட்டில இருப்பாளோ?" முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கவில்லை. மிகவும் களைத்திருந்தது. "நீ இண்டைக்குப் போறாய்தானே, பிள்ளை. அங்க உன்ர ஆக்களோட உனக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். போற நீ, இதையும் கொண்டு போயிடன்."

அவர் கெஞ்சவில்லை. முற்றத்தில் கிடக்கும் ஒரு சாமானை எடுத்துப்போகச் சொல்வதைப் போல அமைதியாகச் சொன்னார். வயது போன மனிதர், நெஞ்சு வருத்தக்காரர். காலையில்தான் அவருடைய இரத்தத்தை அவள் துடைத்தாள். அவள் ஓம் என்று சொன்னால் இந்த வீட்டில் ஒன்றும் உடையாது. மாமி மெழுகுதிரி கொளுத்துவாள், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார், ரொபின்சன் பெண்சாதியின் வாயால் செத்தவனாகவே ஊரில் இருப்பான்.

முன்வாசலில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சீவரத்தினம் சித்தப்பா ஹோர்ன் அடித்தார். அதே நேரம் படலையைத் திறந்துகொண்டு மக்டலின் உள்ளே வந்தாள். வானைப் பார்த்தாள், கொலின்ஸ் மெசினில் குனிந்து இருப்பதைப் பார்த்தாள், வீட்டுக்குள்ளால் நடந்து பின் விறாந்தைக்கு வந்தாள். கோயிலுக்குப் போட்ட முக்காடு இன்னும் தலையில் இருந்தது.

"உன்ர சித்தப்பா வந்திட்டார்" என்றாள் மருமகளைப் பாராமலே. "கொண்டுபோறதுகளை எடுத்து வைச்சிட்டியோ?"

"நான் போகேல்லை, மாமி."

மக்டலின் இப்போது பார்த்தாள். "ஏன்?"

ஜெனிஸ்ராவால் எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை தனக்குக் கிடைத்ததைப் போலவே, ஒரு வசனத்தில் சொல்லிவிட முடியும். சொல்லவில்லை.

"மாமா சொல்லுவார்."

வலன்ரைனின் கட்டுப்போட்ட கை மடியிலிருந்து நழுவிக் கதிரையின் பக்கத்தில் தொங்கியது. அவர் அதை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை. முன்னால் சித்தப்பா இன்னொரு தடவை ஹோர்ன் அடித்தார். போய் அவரை உள்ளே கூப்பிடச் சொல்லி ஜெனிஸ்ரா கொலின்ஸுக்குக் குரல் கொடுத்தாள். கொலின்ஸ் எழும்பின சத்தம் வரவில்லை.

மக்டலின் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். மூலையில் கிடந்த கதிரையை இழுத்துப் புருசனுக்கு முன்னால் போட்டு, அவர் முழங்காலில் தன் முழங்கால் முட்டுகிற கிட்டத்தில் இருந்தாள்.

"சொல்லுங்கோவன்" என்றாள்.